குழாய்ப் பெட்டி

எங்கள் குசினிக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். எங்கள் ஊரான சரவணையில் எங்கள் ஒழுங்கைக்கு அதுதான் முதல் குழாய். தண்ணீர் என்னவோ கிணற்றில் இருந்த அதே உவர்த் தண்ணீர்தான். குடிக்கவும் உதவாது, உலை வைக்கவும் உதவாது. பாத்திரம் கழுவலாம், மீன் கழுவலாம். ஆனாலும் திருகினால் வந்தது. முதல் நாள் நான் கழுவின பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

எல்லாம் என் கணவரின் யோசனை. அடுப்படியைப் பெரிதாக்கி, நிலத்துக்குச் சீமெந்து போட்டு, வெளியே உயரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கியும் கட்டினார். தோட்டம் இறைக்கிற மெசினாலேயே தாங்கியை நிரப்பினார். சிக்கல் சுவரில் வந்தது. எங்களுடையது பழைய சுண்ணாம்புக்கல் சுவர். "வெட்டிப் பைப்பைப் புதைச்சால் சுவர் நிக்காது. வெளியாலைதான் விடவேணும்," என்று மேசன் சொல்லிவிட்டார். ஆகவே எங்கேயோ பாவித்துக் கழித்த இரும்புக் குழாய் ஒன்று நெஞ்சுயரத்தில் குசினியை அரைவட்டம் சுற்றி, மூலையில் மடங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் இறங்கியது. இரண்டு நாளில் அதன் மேல் புகைக்கரி பிடித்துவிட்டது.

அவருக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. "பைப் எண்டால் நாலு பேர் பாக்கத்தானே வேணும்," என்றார். எனக்கு அப்படியில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மச்சாள் வர இருந்தார்.

மச்சாள் என்றால் அவருடைய அக்கா. இறுப்பிட்டியில் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் கலியாணம் முடிந்த கிழமையே, கதவுக்குப் பின்னால் நான் நிற்பது தெரியாமலோ தெரிந்தோ, யாருக்கோ சொன்னார்: "பெட்டைக்குக் கறி வைக்கத் தெரியுது. வீடு வைச்சிருக்கத் தெரியாது." எட்டு வருடமாக அந்தச் சொல் என் காதுக்குள் குடியிருந்தது. சீனிக்குத் தட்டுப்பாடான அந்தக் காலத்தில் அவர் வீட்டுச் சீனிப் போத்தல் அலுமாரிக்குள் பூட்டில் இருக்கும், பூட்டின் திறப்பு அவர் சேலைத் தலைப்பில் இருக்கும். வேண்டப்பட்டவர்களுக்கு மட்டும் வெளியே வரும். எனக்கு எப்போதும் தேத்தண்ணீரோடு ஒரு பனங்கட்டித் துண்டுதான். அவர் வாயால் என் வீட்டைப் பற்றி ஒரு நல்ல சொல் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சீமெந்து நிலத்துக்கு நான் ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

"இஞ்சருங்கோ, வெள்ளிக்கு முதல் உது மறையவேணும். இல்லாட்டி நான் அடுப்பு மூட்டமாட்டன்," என்றேன்.

மிரட்டல் பலித்தது. பழைய தேயிலை மரப்பெட்டிகளைக் கழற்றி, எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி பலகைகளைத் திருப்பி, குழாய் போன வழி முழுக்கப் பெட்டி அடித்தார். யன்னலுக்குப் பூசி மிஞ்சின நீலப் பெயின்றையும் அடித்தார். வியாழக்கிழமை பின்னேரம் வேலை முடிந்தபோது தண்ணீர் விழும் வாயும் அதன் பிடியும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. உச்சி குளிர்ந்துபோய்த் திருகினேன். ஒரு சொட்டும் வரவில்லை. குழாயின் நடுவில் தண்ணீரை நிறுத்துகிற இன்னொரு திருகுபிடியை, மூடினபடியே பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்திருந்தார்.

நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் மரம் அரிகிற வாளை எடுத்து அந்த இடத்தில் ஒரு சின்னக் கதவு வெட்டி, பிணைச்சல் வைத்து, கொளுக்கியும் போட்டார்.

மச்சாள் வந்தார். நிலத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பெட்டியை விரலால் தடவி, "இதென்ன?" என்று கேட்டார்.

"உள்ளுக்குப் பைப் போகுது மச்சாள்."

கொளுக்கியைக் கழற்றி உள்ளே பார்த்தார். மூடினார். திரும்பவும் திறந்து பார்த்தார். "ம்," என்றார். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அன்று பின்னேரம் வெங்காயம் உரிக்கிற சாட்டில் நன்றாக அழுதேன். "அக்கா 'ம்' எண்டதே பெரிசு," என்றார் என் கணவர். அவருக்கு அன்று இரவு கறியில் உப்பில்லை.

தைப்பொங்கலுக்கு இறுப்பிட்டிக்குப் போனோம். கிணற்றில் துலாவால் அள்ளித்தான் கால் கழுவினேன். அந்த வளவில் மெசினும் இல்லை, தாங்கியும் இல்லை. குசினிக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவரைச் சுற்றி நீலப் பெட்டி. அதில் சின்னக் கதவு, கொளுக்கி, எல்லாம்.

"இஞ்சையும் பைப் வந்திட்டுதோ மச்சாள்?" என்று கொளுக்கியில் கை வைத்தேன்.

"திறவாதையும்," என்று என் கையைப் பிடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உள்ளுக்கு ஒண்டும் இல்லை. உம்மட குசினியைப் பாத்த நாள் துவக்கம் மனம் கேக்கேல்லை. அவ்வளவு வடிவு. பைப்புக்கு வழியில்லை, பெட்டியையெண்டாலும் அடிப்பிச்சன்."

எட்டு வருடம் காத்திருந்த சொல். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் என் குணம் எனக்குத் தெரியும், ஒரு நல்ல நக்கலும் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லுமுன் பக்கத்து வீட்டு அக்கா பொங்கல் கிண்ணத்தோடு உள்ளே வந்தார்.

"தங்கச்சி, நீர் வீட்டிலை பைப் வைச்சிருக்கிற ஆள். சொல்லும் பாப்பம், இதுக்குள்ளை பைப்தானோ? இவ சொல்லுறா, நான் நம்பேல்லை."

மச்சாள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பை ஊதினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"ஓம் அக்கா, பைப்தான். தாங்கி கட்டினால் தண்ணி வந்திடும்," என்றேன்.

மச்சாள் நிமிர்ந்து, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த திறப்பை அவிழ்த்து, அலுமாரியைத் திறந்து சீனிப் போத்தலை வெளியே எடுத்தார்.