எங்கள் சமையலறையில் ஓடாத மோட்டர்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் நானும் என் மனைவியும் வாடகைக்கு இருக்கிறோம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் நட்டஈட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவன். அவள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். அன்றாடம் நடப்பதை அன்றன்றே எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இங்கே எழுதப்போவதை நான்கு பேர் வாசிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். என் மனைவியின் காதைப் பற்றிப் பெருமையடிக்க எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

முதலில் அந்த இசை எப்படி வீட்டுக்கு வந்தது என்று சொல்லிவிட வேண்டும். வேலை செய்யும்போது பாட்டுக் கேட்டால், பாட்டின் சொற்களும் பத்திரத்தின் சொற்களும் எனக்குக் கலந்துபோகும். அதனால் சொல் இல்லாத இசையைத் தேடினேன். பிறகு மெட்டும் தொந்தரவாக இருந்தது. கடைசியில் ஆம்பியன்ட் என்று சொல்லப்படும் இசையில் வந்து நின்றேன். ஒரு சுரம் எழும்பி, நெடுநேரம் நின்று, மெல்லத் தேயும். அதற்கடியில் மழை இருக்கும், அல்லது பழைய ஒலிநாடாவின் இரைச்சல், அல்லது என்னவென்று சொல்ல முடியாத ஓர் உறுமல். தாளம் கிடையாது. எப்போது முடியும் என்று ஊகிக்கவும் முடியாது. காதில் வயரை மாட்டிக்கொண்டு நான் மட்டும் கேட்டுவந்தேன்.

ஒரு மாலை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா மாசாமாசம் காசு கட்டுறீங்கள்?"

"ஓம்."

"கொட்டாஞ்சேனையில எங்கட வீட்டு ஜன்னலைத் திறந்தா கப்பல்காரன் சும்மா தருவான்."

அவள் துறைமுகத்துக்குக் கிட்டவாகப் பிறந்து வளர்ந்தவள். நான் சிரித்துவிட்டு நிறுத்தப் போனேன். நிறுத்தச் சொல்லவில்லை என்றாள். அடுத்த நாள் காலையில், நான் தேங்காய் திருவத் தொடங்கியபோது, "நேத்துப் போட்ட கப்பலைப் போடுங்கோவன்" என்றாள்.

அப்படித் தொடங்கியது. அவள் அடுப்பில் நிற்பாள், நான் திருவலையோடு இருப்பேன். ஸ்பீக்கர் மேசைக் கல்லின் மீது, தண்ணீர்க் குழாய் இறங்கும் சுவரோடு இருக்கும். ஒரு மாதத்துக்கு ஒரே துண்டு, ஒவ்வொரு காலையும் முழுதாக. இந்த ஒழுங்கு என்னுடையது. இந்த வகை இசை முதல் சில நாட்களில் எதையும் காட்டாது. சுவரைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். பிறகு சுவரில் வெடிப்புத் தெரியும், பூச்சின் கோடு தெரியும். ஓடும்போது கதைக்க மாட்டோம். சாப்பிடும்போதுதான் கதை.

"இரண்டாவது உறுமல் வரேக்க பின்னால ஆரோ கதிரை இழுக்கினம். கேட்டனீங்களோ?"

நான் கேட்டிருக்கவில்லை. அடுத்த நாள் கவனித்தேன். கதிரைதான், நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். அவள் சொன்னது ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை. ஆண்டுக்கணக்காகக் கேட்டவன் நான். மாதக்கணக்கில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன். எங்களுக்கு நேர் மேல் வீட்டில், கடைசி மாடியில், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தரான பெண்மணி ஒருவர் தனியாக இருக்கிறார். நாங்கள் அன்ரி என்போம். அந்த மாதம் காலை வேளைகளில் அவருடைய குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. எங்கள் கட்டடத்தில் நிலத்துக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து மோட்டர் தண்ணீரைக் கூரைத் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து ஒரே குழாய் எல்லா வீடுகளுக்கும் இறங்கும். கீழ் வீட்டுக்காரர் யாராவது அந்தக் குழாயில் களவாக ஒரு சின்ன மோட்டரைப் பூட்டினால், மேல் வீட்டின் தண்ணீரையும் அது உறிஞ்சிவிடும். இது கொழும்புத் தொடர்மாடிகளில் நடக்காத விடயமும் அல்ல. அன்ரியின் தண்ணீர் மெலிகிற அதே வேளையில் எங்கள் சமையலறையிலிருந்து ஓர் உறுமல் சுவர் வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் இரண்டையும் கூட்டிப் பார்த்தார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் கூட்டியிருப்பேன்.

படிக்கட்டில் என்னை மறித்தார்.

"தம்பி, காலமை காலமை உங்கட வீட்டில என்ன ஓடுது?"

"பாட்டு, அன்ரி."

"பாட்டெண்டா ஆராவது பாடோணும். நான் ஒருத்தரும் பாடிக் கேக்கேல்லை."

"இது ஒருவரும் பாடாத பாட்டு."

"எனக்கு வயசு போட்டுது தம்பி. காது போகேல்லை."

அந்த வாரமே தொடர்மாடிச் சங்கத்துக்கு முறைப்பாடு போனது. சங்கத் தலைவர் முதலாம் மாடியில் இருக்கிறார். புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருக்கிற அவரை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாசலில் நின்று, மிகுந்த சங்கடத்தோடு, முறைப்பாட்டை வீட்டு உரிமையாளருக்கு எழுதத்தான் வேண்டியிருக்கும் என்றார். உரிமையாளர் லண்டனில் இருப்பவர். எங்கள் வாடகை ஒப்பந்தம் அந்த மாத முடிவில் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. களவாக மோட்டர் பூட்டியவர்கள் என்று ஒரு கடிதம் போனால் அவர் புதுப்பிக்க மாட்டார். அவளுடைய பாடசாலைக்குப் பக்கத்தில், எங்கள் கைக்கு எட்டும் வாடகையில், இன்னொரு வீடு கிடைக்காது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அன்று மாலை நான் சொன்னேன்: "கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவம். காதில வயரைப் போட்டுக் கேப்பம்."

"நிப்பாட்டவே கூடாது."

"ஏன்?"

"நாளைக்குச் சத்தம் கேக்காட்டி அன்ரி என்ன சொல்லுவா? மோட்டரைக் கழட்டி ஒளிச்சுப்போட்டினம் எண்டுவா. கணக்குச் சரியா வந்திடும். போடுங்கோ. வேணுமெண்டா இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ."

பொய்க் கோரிக்கைகளைப் பிடிப்பதுதான் என் தொழில். இந்த எளிய நியாயம் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த நாள் காலையிலும் போட்டோம், கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. மேலே நாற்காலி நகர்ந்தது. அன்ரி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. என் மனைவி நிமிர்ந்து நின்று சம்பல் அரைத்தாள்.

ஞாயிறு காலை ஹாஜியாரும் அன்ரியும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஹாஜியார் டோர்ச் லைட்டோடு சிங்குக்கு அடியில் குனிந்தார். வோஷிங் மெஷினை முன்னுக்கு இழுத்துப் பின்னால் பார்த்தார். குளியலறைக்கும் போய்வந்தார்.

"ஒண்டுமில்ல அன்ரி. ஒரு கரப்பான் இரிக்கி, அவ்வளவுதான்."

"கரப்பானுக்கும் சங்கத்திட்ட அனுமதி எடுக்கோணுமோ, ஹாஜியார்?" என்றாள் மனைவி.

"டீச்சர், என்னெயப் பகிடி பண்ண வேணாம். நான் சம்பளம் வாங்காத வேலைக்காரன்."

அன்ரி சிரிக்கவில்லை. "நாங்கள் வாறமெண்டு தெரிஞ்சா ஆர், பிள்ளை, மோட்டரை வைச்சுக்கொண்டிருப்பினம்?"

மனைவி ஸ்பீக்கரைப் போட்டாள். அந்த மாதத்துத் துண்டு. உறுமல் எழும்பி மேசைக் கல்லில் இறங்கியது. அன்ரி ஸ்பீக்கரைக் குனிந்து பார்த்தார்.

"இதுதான். இந்தச் சத்தம்தான்."

"இது பாட்டா தம்பி?" என்றார் ஹாஜியார். "எங்கட கட ஏசி பழுதாகுற நேரம் இதேதான் பாடுற."

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்ரி கேட்டார்: "அப்ப என்ட தண்ணி எங்கை?"

அன்ரி பொய் சொல்லவில்லை. தண்ணீர் உண்மையிலேயே வரவில்லை. பதில் இல்லாத இடத்தில் சந்தேகம் எங்கள் மேல்தான் திரும்பி வந்து உட்காரும். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "முறைப்பாடு எழுத்துல இரிக்கே டீச்சர். கடிதம் போடாம உட ஏலாது" என்றார்.

அப்போது மனைவி கையை உயர்த்தினாள்.

இசை அதன் அமைதியான பகுதிக்கு வந்திருந்தது. பெரிய உறுமல் அடங்கி, மெல்லிய ஒரு மேற்சுரம் மட்டும் தனியாக நிற்கும் இடம். மாதக் கடைசி, அந்த இடம் எங்கள் இருவருக்கும் மனப்பாடம்.

"இதில இது இல்லை," என்றாள்.

நான் காதைக் கொடுத்தேன். மேற்சுரத்துக்கு அடியில், மிகத் தாழ்வாக, ஏதோ ஒன்று கரகரத்துக்கொண்டிருந்தது. அவள் சொல்லாவிட்டால் அதையும் இசை என்றே எடுத்திருப்பேன். இசையை நிறுத்தினேன். கரகரப்பு நிற்கவில்லை. அவள் உள்ளங்கையைக் குழாய் இறங்கும் சுவரில் வைத்தாள்.

"இது கட்டடத்து மோட்டர். ஆனா வழக்கமான சத்தம் இல்லை. தண்ணி இழுக்கேக்க கனமாக் கேக்கும். இது வெறும்வயித்தோட சுத்துது."

"மோட்டர் ஓடினா தண்ணி ஏறுற தானே?" என்றார் ஹாஜியார்.

"ஓடுது ஹாஜியார். ஏறேல்லை."

நான்கு பேரும் கீழே இறங்கினோம். அன்ரியும் முழங்கால் வலியைப் பாராமல் வந்தார். கட்டடக் காவலுக்கு இருக்கும் சிங்கள வோச்சர் மோட்டர் அறையைத் திறந்தார். மோட்டர் ஒரு குறையுமில்லாதது போல ஓடிக்கொண்டிருந்தது. அதில் கை வைத்த வோச்சர் "அம்மோ" என்று கையை உதறினார், அவ்வளவு சூடு. கூரைக்கு ஏறும் குழாயைத் தொட்டுப் பார்த்தோம். ஓர் அசைவும் இல்லை. நிறுத்தச் சொல்லி மனைவி சிங்களத்தில் சத்தமாகச் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் எரிந்திருக்கும்.

மதியம் முகத்துவாரத்திலிருந்து வந்த குழாய் வேலைக்காரர் நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கும் குழாயின் அடிமுனை வால்வைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த ரப்பர் தேய்ந்து ஒரு பக்கம் கிழிந்திருந்தது. சில வேளை தண்ணீர் பிடிக்கும், சில வேளை வழிந்து இறங்கி, மோட்டர் காற்றைத்தான் இழுக்கும். கூரைத் தொட்டி குறையக் குறைய முதலில் காய்வது மேல் மாடி. மோட்டரின் சத்தம் கேட்டவர்கள் எல்லாரும் தண்ணீர் ஏறுகிறது என்று நம்பியிருந்தார்கள். புது வால்வு பூட்டினார்கள். அன்று மாலையே அன்ரியின் வாளி நிரம்பியது; அதை அவரே படிக்கட்டில் நின்று கீழே கூவிச் சொன்னார்.

எழுத்தில் வந்த முறைப்பாடு எழுத்தில்தான் முடிய வேண்டும் என்று ஹாஜியார் அடுத்த நாள் உரிமையாளருக்கான கடிதத்தைக் கொண்டுவந்தார். அன்ரியும் கையெழுத்து வைக்க வந்திருந்தார். 'மூன்றாம் மாடியில் மோட்டர் எதுவும் இல்லை. கேட்ட சத்தம் குடியிருப்போர் பாவிக்கும் ஒரு சாதனத்தினுடையது' என்று அதில் இருந்தது. நான் அதுவே போதும் என்று பேனாவை எடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்தாள்.

"சாதனம் எண்டு போடாதேங்கோ. இசை எண்டு போடுங்கோ."

"இசையோ?" என்றார் அன்ரி. "இதை இசையெண்டு நான் கையெழுத்து வைக்கோணுமோ?"

"உங்களுக்குப் பிடிக்கோணுமெண்டு இல்லை அன்ரி. பிடிக்காத இசையெண்டே போடுவம்."

அன்ரி தாளை ஹாஜியார் பக்கம் தள்ளினார். "அப்ப சரி. வடிவா எழுதுங்கோ ஹாஜியார், பிடிக்காத எண்டு." ஹாஜியார் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே எழுதினார். அன்ரி தன் பெயரை முழுதாக, அழுத்தி எழுதினார்.

உரிமையாளர் அந்த வாரமே தொலைபேசியில் வந்தார். ஒப்பந்தத்தை முன்போலவே புதுப்பிக்கலாம் என்றார். பிறகு ஒரு தயக்கத்தோடு, "எல்லாம் சரி, மோட்டர் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார்.

தொலைபேசி என் கையில் இருந்தது. மனைவி பக்கத்திலிருந்து குனிந்து அதற்குள் சொன்னாள்:

"மோட்டர் இல்லை அண்ணை. சத்தம் இருக்கும்."