டீசல் போட்டுச் சேர்த்த மைல்கள்

கிரெடிட் கார்டு விற்கிற வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்து தொண்டை. கார்டு தேய்வது கடைசியில்தான். இன்சூரன்ஸ், வாட்டர் ஃபில்டர், ஊறுகாய் என்று எதையாவது வீடு வீடாக ஏறி விற்றுப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே ஜாதி.

2004-ல் பாண்டிச்சேரியில் ஒரு கார்டு ஏஜென்சியில் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த ஏரியா கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் கடலோர ரோடு. விற்கக் கொடுத்தது ஒரு வங்கியும் ஒரு விமான கம்பெனியும் சேர்ந்து விட்ட கார்டு. அதை வைத்து மளிகை வாங்கினாலும் பெட்ரோல் போட்டாலும் 'மைல்' சேரும். போதுமான மைல் சேர்ந்தால் ப்ளேன் டிக்கெட் இலவசம். ப்ளேனை அண்ணாந்து மட்டும் பார்த்திருக்கிற ஊர்களில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். சொல்கிற எனக்கும் ப்ளேன் அவ்வளவுதான் பழக்கம்.

தூரம் இல்லாத மைல்

மரக்காணத்தில் என் முதல் வாடிக்கையாளர் கோதண்டராமன். உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். சொந்தமாக ஒரு லாரியும் ஒரு பழைய ஜீப்பும் உண்டு. நான் போனபோது வரப்பில் நின்று, உப்பு வாருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கண் கூசுகிற வெள்ளை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வந்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

பொறுமையாகக் கேட்டார். "மைலுன்னா எவ்ளோ தூரம்மா?" என்றார். தூரம் இல்லை சார், பாயிண்ட் மாதிரி என்றேன். "தூரம் இல்லன்னா அப்புறம் இன்னாத்துக்கு மைலுன்னு பேரு?" ட்ரெயினிங்கில் இப்படி யாரும் கேட்கவில்லை. லாரிக்குப் போடுகிற டீசல், உப்பளத்து மோட்டாருக்குப் போடுகிற டீசல், எல்லாவற்றையும் கார்டில் தேய்த்தால் வருஷத்துக்குள் டிக்கெட் வந்துவிடும் என்று மட்டும் சொன்னேன். லாரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"நான் ஓடுற மைலுக்கெல்லாம் டீசல் செலவு. நான் சும்மா நின்னா ஓடுற மைலு ஒண்ணு இருக்குதுன்னா அதையும்தான் பார்ப்போமே, கையெழுத்த எங்க போடணும்மா?"

உறை போட்ட மெஷின்

கார்டு கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். எங்கே தேய்ப்பது? நியாயமான கேள்வி. மளிகைக் கடையில் மெஷின் கிடையாது, மருந்துக் கடையில் கிடையாது. ரோட்டு மேல் இருக்கிற பெட்ரோல் பங்க்கில் ஒன்று உண்டு. ஊருக்குள் ஒரு ஹார்டுவேர் கடையில் மெஷின் இருப்பதாக யாரோ சொன்னார்கள். கோதண்டராமன் தார்ப்பாய் வாங்கப் போன அன்று நானும் கூடப் போனேன்.

கார்டு என்றதும் கடைக்காரர் உள்ளே போய் ஒரு மூட்டையைத் தூக்கி வந்தார். பாலிதீன் கவருக்குள் துணி, துணிக்குள் அட்டைப் பெட்டி, பெட்டிக்குள் மெஷின். ஒரு கீறல் இல்லை. ஆனால் அதை மாட்டுவதற்கு டெலிபோன் ஒயர் அந்தப் பக்கம் வரவே இல்லை. இப்படி மூடி வைத்தால் எப்படி சார் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உப்புக் காத்துல ஆணியே ஒரு மழை தாங்க மாட்டேங்குது. வெளிய எடுக்காததாலதாம்மா இது புதுசு மாதிரி இருக்குது. காசு குடுத்துட்டுப் போங்க சார்."

பங்க்கில் ஒரு டீச்சர்

கீழ்புத்துப்பட்டில் குடியிருந்த குமுதா டீச்சர் நான் கேட்காமலே கார்டு வாங்கிய ஒரே ஆள். அவருடைய ஒரே மகள் ஹேமாவை அந்தமானில், போர்ட் பிளேரில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. சுனாமி வந்து போன பிறகு கப்பல் என்று எடுத்தாலே டீச்சர் பேச்சை மாற்றிவிடுவார். மகளிடம் போவதானால் ப்ளேனில்தான் போவது என்று முடிவு செய்திருந்தார். ஆனால் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு மொபெட். அது குடிக்கிற பெட்ரோலில் எந்தக் காலத்தில் மைல் சேருவது?

அதற்கு டீச்சரே வழி கண்டுபிடித்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பங்க்குக்கு வந்து நின்றுகொள்வார். தெரிந்த வண்டி வந்தால், "பணத்த எங்கிட்ட குடுங்க, நான் கார்டுல தேச்சிக்கிறேன்" என்பார். பழைய மாணவர்கள் டீச்சருக்கு எப்படி மாட்டேன் என்று சொல்வார்கள்? ஒரு நாள் கோதண்டராமனின் லாரி டிரைவரையும் பிடித்துவிட்டார். பின்னாலேயே ஜீப்பில் வந்த கோதண்டராமன், "என் லாரி, என் டீசல், மைலு மட்டும் இன்னொருத்தருக்கா?" என்று சத்தம் போட்டார். டீச்சரும் விடவில்லை. இரண்டு பேரும் என் வாடிக்கையாளர்கள். நடுவில் நான்.

டீச்சர் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. ஹேமா மாசமாக இருக்கிறாள், டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், பிரசவத்துக்கு அவள் இங்கே வர முடியாது, நான்தான் போயாக வேண்டும் என்றார். கோதண்டராமன் தன் கார்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு டிரைவரிடம் திரும்பினார்.

"டேய், கொழந்த பொறக்கற வரைக்கும் நம்ம வண்டிக்கு டீச்சர் கார்டுதான். டேங்க்க ரொப்பச் சொல்லு."

ஏர்போர்ட் இட்லி

அந்தக் கார்டு வைத்திருப்பவருக்கு ஏர்போர்ட்டில் லௌஞ்ச் என்று ஓர் இடம் உண்டு, சாய்ந்து உட்காரலாம், சாப்பாடு இலவசம் என்பதையும் நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். கோதண்டராமன் தன் மைத்துனரை மஸ்கட்டுக்கு வழியனுப்ப மெட்ராஸ் போனார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. எல்லாம் அந்த இலவசச் சாப்பாட்டை நம்பித்தான்.

வாசலில் துப்பாக்கியோடு நின்றவரிடம் கார்டை நீட்டியிருக்கிறார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டிக்கெட் எங்கே என்று கேட்டிருக்கிறார். டிக்கெட் இல்லை, நான் எங்கேயும் போகவில்லை, சாப்பிடத்தான் வந்தேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். கடைசியில் வெளியே ரோட்டோரத்தில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார். மறுநாள் போன் வந்ததும் நல்ல திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். மனுஷன் நிதானமாகத்தான் பேசினார்.

"ஏம்மா ஸ்டெல்லா, சாப்பாடு ஓசிதான், ஆனா அதத் திங்கறதுக்கு ப்ளேன் ஏறணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா, வீட்லயே ரெண்டு இட்லி தின்னுட்டுப் போயிருப்பேன்ல?"

கம்பெனி கொடுக்கிற தேதி

டீச்சருக்கு டிக்கெட்டுக்குத் தேவையான மைல் சேர்ந்துவிட்டது. ஹேமாவுக்கு ஒன்பதாவது மாதம். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் நின்று என் செல்போனிலிருந்து கம்பெனிக்குப் போட்டோம். இதை அமுக்கு, அதை அமுக்கு என்று ஒரு குரல் சொல்ல, எல்லாவற்றையும் அமுக்கினோம். பிறகு வெகுநேரம் பாட்டு. கடைசியில் ஒரு பெண் வந்தாள். மைல் சரியாக இருக்கிறது, ஆனால் இலவச டிக்கெட்டுக்கு என்று ஒவ்வொரு விமானத்திலும் கொஞ்சம் சீட்தான் ஒதுக்குவார்கள், இந்த மாதம் எல்லாம் போய்விட்டது, அடுத்த மாதக் கடைசியில் தருகிறோம் என்றாள். ரொம்ப மரியாதையான பெண். கோபித்துக்கொள்ளக்கூட இடம் கொடுக்கவில்லை.

இப்படி ஒரு சிக்கல் உண்டு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. டீச்சர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெயிலில் அவர் பங்க்கில் நின்றதெல்லாம் கண்ணுக்குள் வந்தது. அழுதுவிடுவார் என்று பயந்தேன். அவர் கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, "இந்தக் கார்டுலயே டிக்கெட் வாங்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் டீச்சர், ஆனால் முழு விலை, மாசா மாசம் கட்ட வேண்டியிருக்கும் என்றேன். மைல்? அது அப்படியே இருக்கும். போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அவரே பேசினார்.

"அம்மா, வெள்ளிக்கெழமைக்கு ஒரு டிக்கெட் போடுங்க, காசு குடுத்தே வாங்கிக்கிறேன். கம்பெனி குடுக்கிற தேதிக்கு எம் பொண்ணு பெத்துக்க மாட்டா."

மடியில் வந்தவன்

டீச்சர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே ஹேமாவுக்கு வலி வந்துவிட்டது. ரத்தம் நிறையப் போயிற்றாம். மாப்பிள்ளை மருந்துக்கும் ரத்தத்துக்கும் ஓட, ஆஸ்பத்திரியில் கூட இருந்தது டீச்சர்தான். ஆண் குழந்தை, இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று பங்க்குக்குப் போன் வந்தபோது, கோதண்டராமன் டீசல் போடுகிறவருக்கும் எனக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

சேர்த்த மைல் அப்படியே கிடந்தது. லீவு முடிந்து டீச்சர் ஊர் திரும்பி, குழந்தைக்கும் தலை நின்ற பிறகு, அந்த மைலில் ஹேமாவின் பெயரில் டிக்கெட் எடுத்தோம். இந்தத் தடவை தேதிக்கு அவசரம் இல்லை. சீட்டும் உடனே கிடைத்தது. கைக்குழந்தைக்குத் தனி சீட் கிடையாது, அம்மா மடிதான். கோதண்டராமன், "என் டீசல்ல வர்ற புள்ள, நான் இல்லாமலா?" என்று ஜீப்பை எடுத்துவந்து டீச்சரையும் என்னையும் மெட்ராஸுக்கு ஏற்றிக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவு திறந்து ஹேமா வெளியே வந்ததும் டீச்சர் மகளைக் கட்டிக்கொண்டார். குழந்தை கைமாறி கோதண்டராமனிடம் வந்துவிட்டது. அது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நீயும் நானும் மைலு மைலுன்னு இன்னும் தரையிலயே நிக்கிறோம், இவன் பாரு, தூங்கிக்கிட்டே வந்து எறங்கிட்டான்!"

அத்தனை மாதம் மைல் விற்றதில் என் கையால் பறந்த இலவச டிக்கெட் அந்த ஒன்றே ஒன்றுதான், அதற்காக லீவு போட்டு மெட்ராஸ் போனதில் அந்த மாத டார்கெட் விழுந்துபோனதற்கு எங்கள் மேனேஜர் ஒருவர்தான் வருத்தப்பட்டார்.