டைனமோவில் ஓடிய அழுகை

யுத்தத்தால் மின்சாரம் இல்லாத அந்த வருசங்களில் சுன்னாகத்தில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தேன். ஓர் ஓவியரும் நாடகக்காரரும் சேர்ந்து, படங்களைக் காட்டும்போதே ஊரின் சத்தங்களையும் கேட்கவைக்கும் காட்சி ஒன்று செய்தார்கள். சத்தம் பதியும் வேலை எனக்கு. பக்கத்து வீட்டு அக்கா தன் மகனின் செத்தவீட்டில் அழுததையும் பதிந்தேன். பதியலாமோ என்று அவவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை.

காட்சியன்று சைக்கிளை மிதித்து, டைனமோவில் ரேப் ரெக்கோடரை ஓட்டினேன். பார்க்க வந்த அக்கா தன் குரலைக் கேட்டதும் எழும்பி என்னிடம் வந்தா.

"உது நான் அழுததல்லோ? நிப்பாட்டு தம்பி."

"மிதியுங்கோ அண்ணை, காட்சியில இதுதான் நல்ல இடம்" என்றார் நாடகக்காரர்.

மிதியிலிருந்து காலை எடுத்தாலே போதும், அழுகை நின்றிருக்கும். சனம் முழுக்க என்னைப் பார்த்தது. தலையைக் குனித்துக்கொண்டு கடைசிவரை மிதித்தேன்.

கூச்சக்காரன், ஒருவருக்கும் கெடுதல் செய்யமாட்டான் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அன்றுவரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.