கதிருக்குப் போட்ட பனியன்

இப்போதும் அணிலைக் கண்டால் என் கை கல்லைத் தேடும். ஐம்பது வயதுக்காரி தெருவில் நின்று கல் பொறுக்கினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நடந்துவிடுகிறேன். மதில்மேல் இருக்கும் அணிலோ, என்னை அடையாளம் தெரிந்த மாதிரி ஒரு தரம் வாலைச் சொடுக்கும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருப்பூரில், பனியன் கம்பெனிகளின் தடதடப்புக்கு நடுவே எங்கள் ஓட்டு வீடு. அப்பா, அம்மா, நான், சித்தப்பா, சித்தி. சித்தப்பாவுக்குப் பின்னல் மிஷினில் வேலை. சித்தி சேவூரிலிருந்து கல்யாணமாகி வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் சித்தி தண்ணீர்க் குடத்தோடு நடையில் நுழையும்போதெல்லாம் பேச்சு நின்றுபோகும்.

ஒருநாள் புழக்கடைத் தாழ்வாரத்தைக் கூட்டிக்கொண்டே அம்மா சொன்னாள்: "எங்க ஊர்ல, குருவி குஞ்சு பொரிச்ச ஊட்டுல அந்த வருசமே தொட்டில் கட்டிருவாங்க. இங்க குருவிகூட எட்டிப் பாக்க மாட்டீங்குது."

அம்மா குத்தலாகச் சொன்னாளா, கூட்டுகிற அலுப்பில் சொன்னாளா, தெரியாது. சித்தி கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். மறுவாரம் அவளுடைய அப்பா சேவூரிலிருந்து ஒரு கட்டுக் கம்பங்கதிரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

சித்தி கதிர்க்கட்டைத் தாழ்வாரத்து விட்டத்தில் தொங்கவிட்டாள். பக்கத்திலேயே ஒரு பித்தளைச் செம்பைப் படுக்கைவாக்கில் கட்டினாள். அனுப்பர்பாளையத்தில் சொல்லிச் செய்து அவளுக்குச் சீராக வந்த செம்பு. வாயோரம் அவள் பெயர் வெட்டியிருக்கும்.

குருவிகள் வந்தன. அவற்றுக்கு முன்னால் அணில்கள் வந்தன. கயிற்றில் தலைகீழாக இறங்கி, கதிரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உருவித் தின்றன. குருவி பக்கத்தில் வந்தால் சீறின. ஆண் குருவி வைக்கோலும் வாயுமாக ஓட்டின்மேல் உட்கார்ந்து காத்துக் காத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். அது போகும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பாள் சித்தி.

அணில் விரட்டும் உத்தியோகத்தை நானே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகுமுன் கொஞ்சம், வந்தபின் கொஞ்சம். கயிற்றில் மிளகாய்ப் பொடி தடவினேன். என் கண்தான் எரிந்தது. வேலாமுள்ளைச் சுற்றினேன். அணில் அதன்மேல் ஏறி நின்று இன்னும் வசதியாகத் தின்றது. சித்தப்பா கொண்டுவரும் மிஷின் எண்ணெயைக் கயிற்றில் பூசினேன். இரண்டு நாள் வழுக்கி விழுந்தது, மூன்றாம் நாள் ஓட்டிலிருந்து நேரே கதிருக்கே குதித்தது.

"உனக்கும் அணிலுக்கும் என்ன புள்ள பங்காளிச் சண்டை?" என்று அப்பா சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் அப்பா சித்தப்பாவிடம், "தை பொறக்கட்டும்டா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க இஷ்டமுங்கண்ணா" என்றார். தை என்றால் எனக்குப் பொங்கல், புதுப் பாவாடை. ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன். சித்தி என் தலையைத் தடவி, "அதுக்குள்ள குருவி வரோணும் கண்ணு" என்றாள்.

யோசனை எனக்குத்தான் வந்தது. துடைப்பதற்கென்று சித்தப்பா கழிவுத்துணி கொண்டுவருவார். அதில் ஒன்று வலை பனியன் துணி, குழாய் போல உருண்டையாக, கண் கண்ணாக ஓட்டை விட்டது. அதைக் கதிர்க்கட்டுக்கு மேலிருந்து உறைபோல மாட்டி, மேலும் கீழும் இறுக்கிக் கட்டினேன். குருவியின் மூக்கு நுழையும், அணிலின் மூஞ்சி நுழையாது.

"அட, கதிருக்கே பனியன் போட்டுட்டியா!" சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அணில் வந்தது, முகர்ந்தது, தோற்றது. குருவி துணியைப் பற்றிக்கொண்டு கொத்திக் கொத்தித் தின்றது. மார்கழியில் செம்புக்குள் மூன்று முட்டைகள். சித்தி கொலுசைக் கழற்றிவைத்தாள், நடக்கும்போது சத்தம் ஆகாதென்று.

பிறகு ஒரு விடியலில் பல் விளக்கப் போனேன். தாழ்வாரத்தில் குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கறுத்த கழுத்தில்லாத பெண் குருவி. கால் நகம் ஒரு கண்ணியில் மாட்டியிருந்தது. பின்னல் துணியில் ஒரு நூலை இழுத்தால் கண்ணி இறுகும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். எவ்வளவு நேரம் இழுத்ததோ. சிறகு விரிந்தபடியே விறைத்திருந்தது. மதில்மேல் அணில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

சித்தி வந்தாள். அழவில்லை. கத்தரியால் துணியை வெட்டிக் குருவியை எடுத்தாள். காலில் அந்தக் கண்ணி அப்படியே இருந்தது.

"நாந்தான் சித்தி கட்டுனேன்."

"ஆருகிட்டயும் சொல்லாத. குருவி இருக்குதுன்னே நெனச்சுக்கட்டும்."

முருங்கை மரத்தடியில் புதைத்தோம். முட்டைகளைப் பஞ்சில் பொதிந்து, சேலை மடிப்புக்குள் அடிவயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டாள். மாவாட்டும்போது அடிவயிறு கல்லில் படாமல் தள்ளி உட்கார்ந்தாள். ஒருக்களித்தே படுத்தாள். எனக்கு அது எங்கள் இருவரின் ரகசிய விளையாட்டு. தினமும் காதில் கேட்பேன்: "அசையுதா சித்தி?" "அசையற மாதிரிதான் இருக்குது கண்ணு."

எத்தனை நாளோ. ஒருநாள் முருங்கை மரத்தடியில் இன்னொரு சின்னக் குழி மூடியிருந்தது. அதோடு காதில் கேட்பதை விட்டேன்.

தை பிறந்தது. ஊத்துக்குளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஒரு தூக்குப்போசி வெண்ணெயோடு. சித்திதான் காப்பி போட்டுக் கொடுத்தாள். எனக்கு உள்ளங்கை நிறைய வெண்ணெய். அடுத்த வாரம் சேவூர் அப்பா மாட்டுவண்டியோடு வந்து, சீர்ப் பாத்திரங்களை ஏற்றி, மகளையும் ஏற்றினார். நான் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். "அடுத்த தடவை நல்ல துணியாக் கட்டறேன் சித்தி!" அவள் கையை மட்டும் அசைத்தாள்.

விட்டத்துச் செம்பை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஊத்துக்குளியிலிருந்து புதுச் சித்தி வந்தாள். நல்லவள், நிறையப் பேசுவாள். வருஷம் ஒன்று, இரண்டு, மூன்று. பேச்சு குறைந்தது. அவள் நடையில் நுழையும்போதும் எல்லோரும் வாயை மூடத் தொடங்கினார்கள். தாழ்வாரம் கூட்டும்போது அம்மா பழையபடி குருவிப் பேச்சை எடுத்தாள். ஒருநாள் தாழ்வாரத்தில் அண்ணாந்து நின்று, செம்பின் வாயோரம் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "ஏங் கண்ணு, என்ன வெச்சா குருவி வரும்?"

உள்ளே சித்தப்பா, இலை முன்னால் உட்கார்ந்து, சோற்றுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. எல்லாம் தெரிந்துவிட்ட வயது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னேன்: "கம்பங்கதிரு வெச்சா வருமுங்க. ஆனா இந்த ஊட்ல கோளாறே அணிலுதானுங்க சித்தி."