கோவளத்தில் ஒரு கூறு மீன்

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். தாம்பரம் பேருந்து நிலையத்தில் இரண்டு வண்டிகளை வேண்டுமென்றே விட்டோம். மூன்றாவதாக, முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய சாதாரணப் பேருந்து வந்தது. அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசில்லாமல் கடல்வரை போய்ச் சேர முடியுமா என்று பார்க்க எனக்கு வெகுநாளாக ஆசை. மாடம்பாக்கம் வீட்டிலிருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய் கொடுத்ததை மட்டும் மறந்துவிட வேண்டும்.

உடன் வந்தவள் என் நாத்தனார் சுமதி. திருப்பூரில் கணவன் வீட்டிலிருந்து கார்த்திகை மாதம் ஒரு பெட்டியோடு வந்தாள். ஏன் வந்தாள் என்று நானும் கேட்கவில்லை, என் கணவரும் கேட்கவில்லை. கேட்டால், கிளம்பச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வாளோ என்ற பயம். அவளும் வாய் திறக்கவில்லை. பாத்திரம் தேய்த்தால்கூடச் சத்தம் வராது. மாமல்லபுரம் போய் வரலாமா என்று கேட்டபோது, "செலவாகுமே அண்ணி" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது என்று உறுதி சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டினாள்.

வண்டலூர், கண்டிகை, புதுப்பாக்கம் என்று வண்டி நிதானமாகப் போயிற்று. கேளம்பாக்கம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் உப்பளங்கள். சில பாத்திகளில் தண்ணீர் வானத்தின் நிறத்தில் இருந்தது, சிலவற்றில் வெளிர்ச் சிவப்பாக. பள்ளியில் அறிவியல் சொல்லித்தருபவள் நான். அந்தச் சிவப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன் இருக்கையில் மண்வெட்டியோடு இருந்தவரிடம் கேட்டேன்.

"செவந்துச்சுன்னா உப்பு வெளையப் போவுதுன்னு அர்த்தம்மா" என்றார்.

"அந்த நேரத்துல மழை வந்தா?" சுமதி கேட்டாள்.

"கரைஞ்சு பூடும். மறுபடியும் தண்ணி கட்ட வேண்டியதுதான்."

நாங்கள் மாமல்லபுரம் போகிறோம் என்றதும் தலையை ஆட்டினார். "கல்லு எங்க ஓடிடப் போவுது? கோவளத்துல எறங்குங்க. போட்டெல்லாம் கரைக்கு வர்ற நேரம் இது. மீன் ஏலத்தப் பாருங்க."

இறங்கிவிட்டோம். தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், கட்டணம் பூஜ்யம்.

மாதா கோவிலைத் தாண்டி மணலில் இறங்கினால், ஃபைபர் படகுகளைச் சுற்றிக் கூட்டம். வலையிலிருந்து உதறிய மீனைக் கூறு கூறாகக் குவித்திருந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் விலை கூவ, சுற்றி நின்ற பெண்கள் அதிகம் பேசாமலே விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி விரலை அசைத்தாள், இன்னொருத்தி முகவாயைத் தூக்கினாள். யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. சங்கரா மீனும் காரப்பொடி மீனும் கலந்த ஒரு கூறு ஐந்நூற்றைம்பதில் நின்றது.

"அறுநூறு."

கணீரென்ற குரல். திரும்பிப் பார்த்தேன். சுமதி.

வேறு யாரும் ஏற்றிக் கேட்கவில்லை. ஐந்தாறு கிலோ மீன் எங்களுடையதாகிவிட்டது. பையும் இல்லை, ஐஸும் இல்லை.

"எதுக்கு சுமதி?"

"திருப்பூர்ல இது ரெண்டாயிரத்துக்குக் குறையாது அண்ணி. கம்மியா போகுதேன்னு..." முகம் வெளுத்திருந்தது.

பணத்தைக் கொடுத்தேன். ஐந்நூற்றைம்பது கேட்டிருந்த பெண் பக்கத்தில் வந்து சிரித்தாள். பெயர் ரோசி. கேளம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள்.

"நான் கேட்டுக்கினு கீறேன், நடுவுல பூந்துட்டியே. பாதிய எனக்குக் குடு, முந்நூறு தரேன். மீதியத் தூக்கிக்கினு எங்க போவ? வூட்டுக்கு வா, கொழம்பு வெக்கிறேன். அரிசி எண்ணெய்க்கு நூறு ரூபா குடுத்துடு."

அவள் வீடு மாதா கோவிலுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில். தன் பங்கை ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டு, அரிவாள்மணையோடு கொல்லையில் உட்கார்ந்தாள். சுமதியும் ஒரு கத்தியை வாங்கிச் செதில் சுரண்ட உட்கார்ந்தாள்.

"உன் வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?" ரோசி கேட்டாள்.

நான் அவசரமாக மீன் பெயர்களைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். சுமதி என்னைப் பொருட்படுத்தவில்லை.

"பனியன் கம்பெனில சூப்பர்வைசர். ஆனா நான் அங்க இல்லக்கா. வந்துட்டேன்."

"கோச்சுக்கினு வந்தியா?"

"கோவமெல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே போறதா இல்ல."

ரோசியின் கை நிற்கவில்லை. "அடிச்சானா?"

"ம்."

"அப்ப சரி." ஒரு சங்கராவைத் தூக்கிக் காட்டினாள். "தலையப் போட்டாத்தான் கொழம்பு ருசி. போடவா?"

"போடுங்க" என்றாள் சுமதி.

எங்கள் காலனியில் தண்ணீர் லாரி முதல் அடுத்த வீட்டுப் பையனின் மார்க் வரை எல்லாவற்றையும் விசாரிப்போம். சொந்த வீட்டில் இருக்கிறவளிடம் கேட்க வேண்டிய ஒன்றை, மரியாதை என்று பெயர் வைத்துத் தள்ளிப்போட்டிருந்தேன். அவள் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்திருக்கிறாள்.

புளி தூக்கலான குழம்பு, வறுத்த காரப்பொடி, சுடுசோறு. சுமதி மூன்று முறை சோறு வாங்கினாள். ரோசி மார்க்கெட்டுக்குக் கிளம்பிய பிறகு கடலில் இறங்கி முழங்கால் தண்ணீரில் வெகுநேரம் நின்றோம். மாமல்லபுரம் போகவில்லை. சிற்பம் பார்க்காத குறை எனக்குக் கொஞ்சம் இருந்தது.

திரும்பும் பேருந்திலும் எங்களுக்குக் கட்டணம் இல்லை. மீன் வாடையில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து முன்னால் போய்விட்டார். கேளம்பாக்கத்தை நெருங்கும்போது சுமதி சொன்னாள், "அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

இரவு சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிட்டாள், ரோசியிடம் சொன்ன அதே வார்த்தைகளில். என் கணவர் ஹால் மூலையில் சுருட்டி வைத்திருந்த அவள் பாயைப் பார்த்தார்.

"அப்ப உனக்கு ஒரு கட்டில் வாங்கணும்" என்றார்.

"அதெல்லாம் வேணாம்ணா, பாயே போதும்" என்று சொல்லிக்கொண்டே ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, "வாங்கினா ஜன்னல் பக்கமா போடலாம்" என்றாள்.