அம்மாவின் உயரமும் என் தலையும்

காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் நிரப்பித் தலையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்பவள் என் அம்மா. அவளுக்கு முதுகு வலி வந்தது. தைலம் தேய்த்தாளே தவிர, கூடையை இறக்கவில்லை. "ஒரு நாளு நான் போலேன்னா வாடிக்கையெல்லாம் வேற ஒருத்திகிட்ட பூடும்" என்பதுதான் அவள் பயம்.

மீனவர் மண்டபத்தில் எலும்புப் பரிசோதனை முகாம் போட்டார்கள்.

"ஊசி கெடையாது, ரத்தமும் எடுக்க மாட்டாங்கோ. குதிகால மட்டும் காட்டுனா போதும்" என்றேன்.

அவ்வளவுதான். ராத்திரியே குதிகாலைக் கல்லில் தேய்த்து, வெடிப்பில் மஞ்சள் பூசிக்கொண்டாள்.

"இன்னாமா, உன் காலப் பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"மூடிகினு தூங்குடா, கய்தே."

முகாமில் ஒரு பெட்டிக்குள் அவள் காலை வைத்து, குதிகாலின் இரண்டு பக்கமும் பசை தடவினார்கள். எலும்புக்குள் ஒலியை அனுப்பிப் பார்க்கும் மெஷினாம். வந்த எண் சரியில்லை. "இத வச்சி முடிவு பண்ண முடியாதும்மா, பெரிய ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுங்க" என்றாள் மெஷினை இயக்கிய பெண்.

பெரிய ஆஸ்பத்திரியில், ஸ்கேனுக்கு உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். தாலிக்கயிற்றில், ஜாக்கெட்டில், முந்தானையில் என்று அம்மா ஊக்குகளாகக் கழற்றிக் கொடுத்தாள்.

"மீன வுட்டுட்டு ஊக்கு வித்திருக்கலாம்மா நீ."

மேஜையில் படுத்தாள். மேலே மெஷினின் கை மெதுவாக நகர்ந்து முடிப்பதற்குள் குறட்டை விட்டாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலு குறைந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. முன்னே எங்காவது எலும்பு உடைந்ததா, அவளைப் பெற்றவர்களுக்கு இடுப்பு முறிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "உயரம் குறைஞ்ச மாதிரி தெரியுதா?"

"இந்த வயசுல யாரு அளந்துகினு கீறாங்கோ?" என்றாள் அம்மா.

நான் முந்திக்கொண்டேன். "கொறஞ்சிகீது டாக்டர். வூட்ல கூடை மாட்ற ஆணி இப்ப எட்டல இவளுக்கு. நான்தான் மாட்றேன். குள்ள கத்திரிக்கான்னு ஓட்டிகினு கீறேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நசுங்கியிருந்தது.

"நான் எங்கயும் வுயலியே!" என்றாள் அம்மா.

"விழாமலே நசுங்கும். மாத்திரை தர்றேன், சாப்பிடுங்க. நல்லா நடங்க, வியாபாரம் பண்ணுங்க. தலைச்சுமை மட்டும் வேண்டாம்."

"கூட இல்லாம நடந்தா வாக்கிங் போறேன்னு நெனைக்கும் சனங்க. மீன யாரு தூக்குவா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பத்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு மெக்கானிக் ஷெட்டில் வேலை. மதியம்தான் ஷெட் திறக்கும். காலையில் நான் சும்மாதான் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

மறுநாள் அம்மா கையை வீசிக்கொண்டு முன்னால் போக, சும்மாடு கட்டி நான் பின்னால். மீன் தண்ணீர் கழுத்தில் இறங்கி முதுகுக்குள் ஓடியது. வாசலுக்கு வாசல் சிரிப்பு.

"இன்னா மாமு, கய்த்து கோணிகினு போவுது?"

"யக்கா, புள்ளயாண்டானும் வெலைக்கா?"

"அவன் ஓசிடி! சங்கரா மீனுக்குதான் வெல. டேய், எறக்கு!" என்றாள் அம்மா.

ஒரு வாடிக்கையும் போகவில்லை. நான் தள்ளாடுவதைப் பார்க்கவே புதிதாக இரண்டு வீடு சேர்ந்திருக்கிறது.