தட்டிக்கு வெளியே நின்று படித்த பாடம்

பி.ஏ. ஆனர்ஸ் ஆங்கில வகுப்பில் நாங்கள் மொத்தம் பதினோரு பேர். ராயபுரத்துப் பக்கத்திலிருந்து போனவர்கள் இரண்டே பேர்தான், நானும் அவனும். என் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற வேலை. அவன் அப்பா காசிமேட்டில் கட்டுமரம் வைத்திருந்தார். சுதந்திரம் வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. "எம் புள்ள இன்னா படிக்கிறான்னு கேக்காத, எனக்குத் தெரியாது. ஆனா படிக்கிறான்" என்று அவர் கரையில் எல்லோரிடமும் சொல்வாராம்.

அவனுக்குக் கவிதை பிடிக்காது. "பாக்காத பூவுக்கெல்லாம் நான் இன்னாத்துக்குடா உருகணும்?" என்பான். கவிதை வகுப்பில் வாயை மூடாமல் கொட்டாவி விடுவான். அவனுக்குப் பிடித்தது பழைய ஆங்கிலம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலம் எப்படி இருந்தது, எந்த ஒலி எப்படி மாறி இன்றைய ஆங்கிலமாயிற்று என்பதற்குத் தனியாக ஒரு தாள் இருந்தது. மற்ற எங்கள் பத்துப் பேருக்கும் அது வேப்பெண்ணெய்.

ஒரு நாள் ஒரு ஒலி பக்கத்து ஒலியை எப்படி மாற்றுகிறது என்று பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். இவன் எழுந்து நின்றான். "சார், நாங்க வீட்டை வூடுன்னு சொல்றோம். 'வ' சொல்றப்ப உதடு முன்னாடி வருது, வந்த உதடு அடுத்த சத்தத்தையும் குவிச்சுடுது. இதுவும் அது மாதிரிதானே?" என்றான். வகுப்பே சிரித்தது. தலைப்பாகை கட்டிய அந்த வயதான மனிதர் சிரிக்கவில்லை. "உட்காராதே. இன்னொரு தரம் சொல்" என்றார். அன்று டிராமில் திரும்பும்போது அவன் வழியெல்லாம் தலைகால் புரியாமல் பேசிக்கொண்டு வந்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்தத் தாளுக்கான தடித்த இலக்கணப் புத்தகம் நூலகத்தில் ஒன்றுதான் வெளியே கொடுப்பார்கள். எங்கள் இருவர் வீடும் பக்கம் என்பதால் அதை ஒரு வாரம் அவனும் ஒரு வாரம் நானும் வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது வருஷம், பொங்கல் கழிந்த பிறகு, அவன் வகுப்புக்கு வரவில்லை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ராயபுரத்தில் டிராமை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் காசிமேட்டுக்கு நடந்தேன். உண்மையைச் சொன்னால், புத்தகம் என் முறை. அதற்காகவும்தான் போனேன்.

குடிசை வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அவன் அம்மா தலையில் கூடையோடு தெருவில் வந்தால் நாலு சந்துக்கு முன்னாலேயே குரல் கேட்கும். அன்று அந்த அம்மா காற்று மாதிரி கிசுகிசுத்தார்.

"உள்ள வராத நைனா. ஆத்தா வந்துகிறா."

"வைசூரியாம்மா?"

வாயில் அடித்துக்கொண்டார். "அப்டிலாம் பேர் சொல்லாத. முத்து போட்டுகிறா. தானா எறங்கிடுவா."

உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டான். "யாரும்மா, அவனா? டேய், இன்னிக்கு இன்னாடா நடத்துனாரு?"

குடிசையின் பக்கச் சுவர் வெறும் ஓலைத் தட்டி. நான் சந்துக்குள் சுற்றிப் போய், அவன் குரல் வந்த இடத்துக்கு நேராக நின்றுகொண்டு அன்றைய குறிப்பைப் படித்தேன். கருவாடு காயும் வாடைக்கு நடுவில், பழைய ஆங்கில வினைச்சொற்களை உரக்கச் சொன்னேன். தப்பாக உச்சரித்தால் உள்ளேயிருந்து திருத்துவான். "நாக்கை மேல தொடாதடா, பல்லுக்கு நடுவுல வை" என்பான். எழுந்து உட்காரக்கூட முடியாமல் வாழையிலையில் கிடந்தவன் சொன்னது அது.

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். எனக்குச் சின்ன வயதில் அம்மை குத்தியிருந்தார்கள், தழும்பு இருந்தது, அந்தத் தைரியம். அப்பாவிடம் மட்டும் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதாகச் சொன்னேன். சந்தில் ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "ஆத்தாவுக்கு இங்கிலீஷ்லயே மந்திரம் கீதா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கும்பிட்டுவிட்டுப் போனாள். அதைத் தட்டி வழியே சொன்னபோது அவன் சிரித்தான், சிரித்தால் முகம் வலிக்கிறது என்று திட்டினான். பிறகு அவனே ஒன்று சொன்னான். நாலு வயதில் அம்மை குத்துகிறவர்கள் குப்பத்துக்கு வந்தபோது அவன் அம்மா அவனைக் கரையில் மடித்துப் போட்டிருந்த பாய்மரத் துணிக்குள் ஒளித்து வைத்துவிட்டாராம். "அழுதா கொன்னுடுவேன்னு சொல்லிச்சு. நான் துணிக்குள்ளயே தூங்கிட்டேன்" என்றான்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, அவன் என்னைத் திருத்தவில்லை. வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். அதையும் திருத்தவில்லை. கொஞ்சம் கழித்து, "கண்ணுல மண்ணு போட்டாப்ல கீதுடா. வெளிச்சம் குத்துது" என்றான்.

நான் வாசலுக்கு ஓடினேன். "அம்மா, ஒரு டாக்டரைக் கூட்டிட்டு வரேன். கண்ணை மட்டும் பாக்கட்டும்."

"மருந்து குடுத்தா அவ கோச்சுக்குவா நைனா. கோச்சுக்கினா கண்ணை எடுத்துகினு பூடுவா." சந்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "கார்ப்பரேசன்காரன் கைல சொல்லிடாத. தூக்கிகினு பூடுவான். இந்தக் குப்பத்துலேர்ந்து போனவங்க யாரு திரும்பி வந்துகிறாங்க? சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன்.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போகாமல் அந்த வட்டாரத்துச் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். "என்னப்பா வேணும்?" என்றார். நான் சொன்னால் வண்டி போகும். நாலு பேர் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அவன் அங்கே செத்துவிட்டால்? சொல்லாமல் இருந்து அவன் இங்கேயே செத்துவிட்டால்? இருபது வயதுக்கு எனக்கு அது பெரிய கணக்காக இருந்தது. "மணி என்ன ஆச்சு சார்?" என்று கேட்டேன். சொன்னார். திரும்பி வந்துவிட்டேன்.

அன்றும் சாயங்காலம் தட்டிக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே முனகல் மட்டும் கேட்டது. அன்று வகுப்புக்கே போகாததால் படிக்கக் குறிப்பும் இல்லை. முந்தின நாள் குறிப்பையே மறுபடி ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு என்னை உள்ளே விட்டார்கள். முகமெல்லாம் பள்ளமாக இருந்தது. இரண்டு கண்ணிலும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நான் பேசியதும் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "இப்ப பகல்தானே?" என்றான். நடுப்பகல். "ஆமாம்" என்றேன்.

அவன் அப்பாவும் நானும் அவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கருவிழியில் புண் வந்து ஆறிப்போயிருக்கிறது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போய்க் கேட்டேன். "முன்னாலேயே கூட்டி வந்திருந்தால்?" டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதைச் சொல்ல முடியாது" என்றார். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் நான் எப்படியாவது அதோடு வாழப் பழகியிருப்பேன்.

குடிசைக்குத் திரும்பியதும் அவன் அம்மா பாய்மரத் துணியைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். "நான்தானே ஒளிச்சு வெச்சேன், நான்தானே." நான் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுகாதார அலுவலகத்து வாசல்வரை போனதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த இலக்கணப் புத்தகத்தை, அவன் படுத்திருந்த பாயோடும் துணியோடும் சேர்த்துக் கரையில் எரித்திருந்தார்கள். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. பழைய ஆங்கிலத் தாளில் என்னிடம் இருந்ததெல்லாம் அந்தத் தட்டியைப் பார்த்துக் கத்தியதுதான். கேள்வியைப் படித்ததும் அவன் திருத்திய குரலோடு பதில் வந்தது. அப்படியே எழுதினேன். பாஸ் செய்தேன். போய்ச் சொன்னபோது, "நான் சொன்னதை எழுதுனியா?" என்று கேட்டான். "எழுதினேன்." "அப்ப நான் பாதி ஆனர்ஸ்" என்றான். அவன் கேலியாகச் சொன்னானா என்று அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

பேராசிரியர் விடவில்லை. அவன் வாயால் சொல்ல, இன்னொருவர் எழுத அனுமதி வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டார். அனுமதி வந்தது. ஆனால் எழுதுகிறவர் பள்ளிக்கூடப் படிப்புக்கு மேல் படித்தவராக இருக்கக் கூடாது. அதனால் அவனுக்காக நான் எழுத உட்கார முடியாது. ஸ்கூல் ஃபைனல் படித்த பையன்கள் இருவரைப் பிடித்துப் பார்த்தோம். பழைய ஆங்கிலத்தில் இன்றைய ஆங்கிலத்தில் இல்லாத எழுத்துகள் உண்டு. அவன் காற்றில் விரலால் வரைந்து காட்டுவான், பையன் வேறு எதையோ எழுதுவான், நான் பார்த்து இல்லை என்பேன். நாலு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் அவன் என்னிடம், "வுட்டுடு வாத்யாரே. பேஜாரா கீது" என்றான்.

எனக்குத் தெற்கே ஒரு கல்லூரியில் டியூட்டர் வேலை கிடைத்தது. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவேன், வந்து படித்துக் காட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆறேழு தடவை வந்தேன். ஆங்கிலப் பத்திரிகையும், எப்போதாவது இலக்கணமும் படிப்பேன். அவன் கேட்டுக்கொண்டு படுத்திருப்பான், முன்னைப் போல எதையும் திருத்த மாட்டான். அப்புறம் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை வந்தது, கல்யாணம் வந்தது. கடிதம் எழுதினால் அதை அவனுக்குப் படித்துக் காட்ட அந்த வீட்டில் ஆள் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவனைக் கடைசியாகப் பார்த்து மூன்று வருஷம் கழித்து, அப்பாவைப் பார்க்க வந்தபோது ஒரு காலையில் காசிமேட்டுக் கரைக்குப் போனேன். கட்டுமரங்கள் வந்துவிட்டிருந்தன. ஒரு மீன் குவியலைச் சுற்றிப் பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் அவன் நின்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். யார் கேட்டாலும் குரலை வைத்தே ஆளைச் சொன்னான். "இன்னா பெரியம்மா, நேத்து கொரல் இப்டி இல்லியே, சளியா?" என்றான். கூட்டம் சிரித்தது.

நான் பத்தடி தள்ளி நின்றேன். கூடையோடு நின்ற ஒருத்தி, "யாரோ பேண்ட் போட்ட ஆளு ஒன்னு சும்மா நின்னுகினு கீது" என்றாள்.

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். "யாருபா அது? வாங்குறியா, வேடிக்கையா?"

ஒரு வார்த்தை போதும், நான்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறந்தேன். மூன்று வருஷத்துக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் அவன் அடுத்த குவியலுக்கு விலை கூற ஆரம்பித்துவிட்டான். மணலில் செருப்புச் சத்தம் கேட்காதபடி மெதுவாக நடந்து தெருவுக்கு வந்தேன்.